தாய்மாமன் வந்த லைன்

அன்று காலை எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பெண் வீட்டார்: பத்துமலை ஆகிய நான், என் தங்கை பாப்பா, என் மகன் தீபன், அவன் மனைவி துளசி, அன்று நிச்சயம் செய்யப்பட்ட என் மகள் தினேஸ்வரி. மாப்பிள்ளை வீட்டார்: ஆயர் தாவாரிலிருந்து வந்த மாயாண்டி, அவர் மனைவி குமுதா, மாப்பிள்ளை ரூபன். இவர்களோடு பெண்ணின் தாய்மாமன் தர்மா. வேறு யாரும் இல்லை. இந்தப் பட்டியலில் உள்ள எவரும் இல்லாமலும் இல்லை.

தர்மா என் மனைவியின் தம்பி. என் மனைவி காலமாகிவிட்டாள். அவள் பக்கத்து ரத்தம் என்று தினேஸ்வரிக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். சரவாக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் அவருக்கு வேலை. விஜயதசமி அன்று நிச்சயம் என்று முடிவானதும் விடுமுறை எழுதிப் போட்டார். அவருக்குப் பதிலாக வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்ததால் விடுமுறை ரத்தாகிவிட்டது. தேதியை மாற்ற மாப்பிள்ளை வீட்டாருக்கு மனமில்லை. எனக்கும் இல்லை. ஒரு முறை சொன்ன நாளை நான் மாற்றுகிறவன் அல்ல.

எங்களில் தாம்பூலத் தட்டு மாற்றும் முன் தாய்மாமன் எழுந்து "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். ஒப்புக்குச் சொல்லும் சொல் அல்ல அது. தாய்மாமன் வராத நிச்சயம் என்றால் பெண் வீட்டுக்குள் ஏதோ சண்டை, அவர் கோவித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அந்தப் பேச்சு பெண்ணோடு புகுந்த வீடு வரைக்கும் போகும். ஆகவே தர்மா திரையிலாவது வந்து எல்லார் முன்னிலையிலும் சொல்வது என்று இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டோம்.

எங்கள் வீடு ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்பு மலையின் அடியில் இருக்கிறது. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு. மலை மறைப்பதால் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. முச்சந்தியில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போனால்தான் ஒரு கோடு தெரியும். வீட்டுக்கு வருவது ஃபைபர் லைன் மட்டுமே. அது பின்புறச் சுவரைத் துளைத்துச் சாமி அறைக்குள் வந்து சேர்கிறது. அங்கே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதன் பெயர் மோடம். அதன் பக்கத்தில் வைஃபையைப் பரப்பும் இன்னொரு பெட்டி, ரவுட்டர். இரண்டும் லைன் கொடுக்கும் கம்பெனிக்காரன் கொடுத்தவை. அந்த ரவுட்டரின் பலம் சமையலறையோடு முடிந்துவிடும். வரவேற்பறையில் ஆள் முகம் பாதியில் நின்று வாய் திறந்தபடி இருக்கும்.

என் மருமகள் துளசி சித்தியவான் ஊர்ப் பெண். வீட்டிலிருந்தே கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். சாமி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணினியில் பேசுவாள். ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"மாமா, நானே ஒரு நல்ல ரவுட்டர் வாங்கி மாட்டிக்கவா? தர்மா மாமா பேசறப்ப முன்னறையில தெளிவா தெரியும்."

பாப்பா குறுக்கே விழுந்தாள். "கம்பெனி குடுத்தத கழட்டுவியா? அவன் லைனையே வெட்டிட்டுப் போயிருவான்லா."

"வெட்ட மாட்டான் அத்தை. எல்லாரும் செய்யறதுதான்."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இப்ப இருக்கிற பெட்டி யாருது?"

"கம்பெனியோடது மாமா. லைன நிறுத்தினா திருப்பிக் குடுத்திடணும்."

எனக்கு அது போதும். நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கூரை கம்பெனியுடையது, விளக்கு கம்பெனியுடையது, வாசல் மண் கூடக் கம்பெனியுடையது. வேலையை விட்டால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியேற வேண்டும். பிறகு ஈப்போ நகராண்மைக் கழகத்தில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்து இந்த வீட்டை வாங்கினேன். என் மகளின் நிச்சயத்துக்கு நாற்காலி, குத்துவிளக்கு, தட்டு எதையும் வெளியிலிருந்து எடுப்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். இரவல் பெட்டி வழியாகத் தாய்மாமன் வருவதாவது?

"வாங்கு" என்றேன்.

கம்பெனியிடம் லைனின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்க வேண்டியிருந்தது. கணக்கு என் பெயரில் இருப்பதால் நானும் முச்சந்திக்குப் போய் நின்றேன். தொலைபேசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். சொந்த ரவுட்டர் போடலாம், தடையில்லை, ஆனால் மோடம் வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு, அதற்கு இந்தப் பக்கம் எது நடந்தாலும் வீட்டுக்காரர் பாடு என்றாள். கேட்கவே எனக்குப் பிடித்திருந்தது. எல்லைக்கல் நட்டதுபோல் இருந்தது.

புதிய பெட்டி கறுப்பு நிறம், நான்கு கொம்புகள். துளசி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டாள், லைனுக்குரிய எண் ஒன்றையும் போட்டாள், மாடிப்படி வரைக்கும் வைஃபை வந்தது. வைஃபைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது என் பெயரையே வைக்கச் சொன்னேன். அக்கம்பக்கத்தார் தங்கள் கைப்பேசியில் லைன் தேடினால் பத்துமலை என்று தெரியும். தெரியட்டும். தர்மாவோடு பேசிப் பார்த்தோம். அவர் மீசையில் நரை இருப்பது வரைக்கும் தெரிந்தது. கம்பெனிப் பெட்டியைத் துடைத்து அதன் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தோம்.

நிச்சயத்துக்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அதைச் செய்வது பாப்பா. இளவயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள். கணவர் இறந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். தீபனின் கார், துளசியின் கணினி, தையல் மெஷின், தேங்காய்த் துருவி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். புதிய ரவுட்டரையும் மோடத்தையும் வயர்களைக் கழற்றி வாழையிலை மேல் வைத்திருந்தாள். பூஜைக்கு வைத்த ஆயுதம் மறுநாள் காலை வரை ஓய்வெடுக்க வேண்டும் என்பது முறை. அன்றிரவு வீட்டில் வைஃபை இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் சூடம் காட்டிவிட்டுப் பாப்பாவே எல்லா வயரையும் மறுபடி சொருகினாள். எந்தத் துளையில் எது இருந்தது என்று பார்த்து வைத்திருந்தாள். அதில் அவள் தவறவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மாயாண்டி கலகலப்பான மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். குமுதா அம்மாள் வந்தவுடன் சாமி அறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பெட்டிக்குப் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்து, "பரவால்லையே, முறையா செஞ்சிருக்கீங்க" என்றார். பாப்பாவின் முகம் மலர்ந்தது.

நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. தர்மா ஒன்பதரைக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அழைப்பு வரவில்லை. துளசி சாமி அறைக்குப் போனாள். திரும்பி வந்து தீபன் காதில் ஏதோ சொன்னாள். அவனும் போனான்.

"என்ன?" என்றேன்.

"லைன் இல்லப்பா. மோடத்துல சிவப்பு லைட்டு எரியுது."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் பாப்பா, எல்லாருக்கும் கேட்கும்படி. "கம்பெனி பெட்டிய கழட்டாதன்னு. வெட்டிட்டான் பாத்தியா."

"அத்தை, சிவப்பு எரியறது மோடத்துல. அது அவங்க பெட்டி. என் ரவுட்டர்ல ஒன்னும் இல்ல" என்று துளசி சொன்னாள். யாரும் காது கொடுக்கவில்லை. நானும்தான்.

மாயாண்டி காலை நீட்டி உட்கார்ந்தார். "என்ன பத்துமலை அண்ணே, லைன் போச்சா, இல்ல மச்சினன் கோவிச்சுக்கிட்டாரா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார். குமுதா அம்மாள் சிரிக்கவில்லை. கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"தர்மா கோவிக்கிற ஆளில்ல" என்றேன்.

"இல்லண்ணே, சும்மா கேட்டேன். எங்க பக்கத்துல ஒரு கல்யாணத்துல இப்படித்தான். மாமனுக்கு வேட்டி சரியா எடுக்கலன்னு அவரு வரல. இவங்க கார் பஞ்சர்னு சொல்லிட்டாங்க. அப்புறம் பாத்தா..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் குமுதா அம்மாள். ஆனால் அவருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு பெண்ணைக் கொள்ள வருகிறவர்கள் அப்படிப் பார்க்காமல் இருந்தால்தான் குற்றம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

தீபன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் பறந்தான். முதலில் தர்மாவை அழைத்திருக்கிறான். லைன் கிடைக்கவில்லை. பிறகு கம்பெனியை அழைத்து, திரும்பி வந்து மூச்சு வாங்கினான். "சிவப்பு லைட்டுன்னா ஆள் வந்துதான் பாக்கணுமாம். நாளைக்குத்தான் வருவாங்களாம்."

"அப்ப எல்லாரும் முச்சந்திக்குப் போயிடலாமா?" என்றான் ரூபன். நல்ல பிள்ளை, உதவியாகத்தான் சொன்னான்.

"மளிகைக் கடை வாசல்ல நின்னா தட்டு மாத்துவாங்க? மீன்காரன் சாட்சியா?" என்றார் அவன் அம்மா.

பாப்பா விடவில்லை. "பழைய பெட்டிய எடுத்து மாட்டுங்கறேன். சொந்தமா வேணும், சொந்தமா வேணும்னு இப்ப பாரு."

துளசி கட்டிலுக்கடியிலிருந்து கம்பெனிப் பெட்டியை எடுத்து வந்தாள். பட்டுப்புடவையோடு சாமி அறைத் தரையில் உட்கார்ந்து கறுப்புப் பெட்டியைக் கழற்றினாள், பழையதை மாட்டினாள். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். மோடத்தின் சிவப்பு லைட் அப்படியே எரிந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, இப்ப ஒன்னு தெளிவாயிருச்சு. என் பெட்டி மேல தப்பில்ல."

"இல்ல" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். என் வீட்டுக்கு வந்த பெண்ணின் பேரில் பழி நிற்க விடமாட்டேன். அவள் கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தன் பெட்டியை மறுபடி மாட்டினாள்.

அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சீனர் லியோங் குரல் கொடுத்தார். தீபன் பறந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். "பத்து! லைன் இல்லையா? என் வைஃபை போடு லா! பாஸ்வேர்ட் சொல்றேன்!" அவர் தமிழ் எங்கள் தமிழை விட வேகமானது.

தினேஸ்வரி முதல் முறையாக வாய் திறந்தாள். "அப்பா, ப்ளீஸ்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். குத்துவிளக்கு முதல் கரண்டி வரை என்னுடையது என்று சொல்லிக்கொண்டவன், தாய்மாமன் வரும் வழியை மட்டும் வேலிக்கு மேலாகக் கேட்டு வாங்குவதா? மறுபக்கம், கேட்காவிட்டால் தர்மா கோவித்துக்கொண்டார் என்ற பேச்சு ஆயர் தாவார் வரை போய் நிற்கும். என் பெருமைக்கு இழுக்கு நேர்ந்தால் நான் தாங்கிக்கொள்வேன். தினேஸ்வரி தாங்க வேண்டியதில்லை. மேல் துண்டைச் சரி செய்துகொண்டேன்.

"நான் போயி கேட்டுட்டு வாரேன்."

தீபன் என்னை வேற்றாள் போலப் பார்த்தான். நான் லியோங்கிடம் எதையும் கேட்டதில்லை. ஏணி கூடக் கேட்டதில்லை.

வாசற்படியில் செருப்பில் கால் நுழைக்கும்போது உள்ளேயிருந்து துளசியின் குரல் வந்தது. "மாமா, நில்லுங்க! உங்க சுகர் பாக்கற டப்பா எங்க?"

"எதுக்கு?"

"அதுல இருக்கற ஸ்பிரிட் பஞ்சு வேணும். சீக்கிரம்!"

செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். மோடத்துக்குள் போகும் வயரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். நூல் மாதிரி மெல்லிய வயர், முனையில் பச்சை நிற மண்டை. அதன் நுனியில் ஏதோ மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருந்தது. நான் பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். உடனே முனையை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்னம்மா அது?" என்றார் குமுதா அம்மாள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"தூசி அத்தை. இந்த வயருக்குள்ள வெளிச்சம்தான் ஓடுது. முனையில துளி தூசி பட்டாலும் நின்னுரும்."

"தூசியா?" பாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எது தூசி? நான் கல்லுல அரைச்ச சந்தனத்த தூசின்றியா? அதான் அங்க இருக்கு!"



"வயர் நுனியில சந்தனம் வச்சியா?" என்றேன்.

"பின்ன? பால் கத்திக்கு எங்க வைப்போம், பிடியிலயா? முனையிலதானே வைப்போம். எது வேலை செய்யுதோ அதுக்குத்தான் பொட்டு. இந்த வயருக்கு வேலையெல்லாம் அந்த நுனியிலதான்னு துளசிதான் அன்னிக்கு சொல்லிச்சு."

துளசி தலையாட்டினாள். "சொன்னேன் மாமா. மாட்டும்போது அத்தை கேட்டாங்க, சொன்னேன்."

மாயாண்டி முதலில் இருமினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, நல்ல வேளை, என் பல்லுக்கு வைக்கல. அதுதான் என் வேலை செய்யற முனை!"

"உங்களுக்கு நாக்குல வைக்கணும்" என்றாள் பாப்பா. குமுதா அம்மாள் அதற்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

துளசி என் பஞ்சைப் பிரித்து அந்த நுனியை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். காது குடையும் குச்சியால் மோடத்தின் துளையையும் சுற்றித் துடைத்தாள். சிறிது நேரம் காய விட்டு, டக்கென்று சத்தம் வரும் வரை சொருகினாள். சிவப்பு லைட் அணைந்தது. பச்சை மினுக்கியது, மினுக்கியது, நின்றது. பக்கத்தில் அவளுடைய கறுப்புப் பெட்டியின் லைட்டும் எரிந்தது.

"கும்பிட்ட சாமி கைவிடல" என்றாள் பாப்பா. அவளிடம் யாரும் வாதாடவில்லை.

தொலைக்காட்சித் திரையில் தர்மா வந்தார். ஆரஞ்சு நிற வேலை உடை, நெற்றியில் விபூதி, கையில் தலைக்கவசம். அவருக்குப் பின்னால் இரண்டு மலாய்த் தோழர்களும் சரவாக்கின் ஈபான் இனத் தோழர் ஒருவரும் மரியாதையாகக் கைகட்டி நின்றார்கள்.

"மச்சான், எத்தன தடவ கூப்பிடறது? நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், நீங்கதான் என் மேல கோவிச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்!"

நான் மாயாண்டியைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவர் எழுந்து திரையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்க சம்பந்தி, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார். அதோடு அந்தக் கணக்கு நேராகிவிட்டது. மனிதர் வாய்தான் நீளம், மனம் சின்னதில்லை.

தாம்பூலத் தட்டைத் தினேஸ்வரி திரைக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், தர்மா முன்பே அனுப்பி வைத்திருந்த அரக்குப் புடவை. அவர் திரையை நெருங்கி வந்தார். அக்காவின் சாயல் பெண்ணிடம் இருப்பதை அவரும் பார்த்திருப்பார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, "என் அக்கா மகளக் குடுக்க எனக்குப் பூரண சம்மதம்" என்று சொன்னார். ஓர் எழுத்துக்கூடத் தடைபடவில்லை. முகம் எங்கும் நிற்கவில்லை. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஈபான் தோழர் எதற்காகக் கைதட்டுகிறோம் என்று தர்மாவைக் கேட்டது கூட எங்கள் வரவேற்பறையில் தெளிவாகக் கேட்டது.

நல்ல நேரம் இருக்கும்போதே நானும் மாயாண்டியும் தட்டு மாற்றினோம். சாப்பாட்டுக்கு லியோங்கையும் கூப்பிட்டேன். அவர் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டு, "என் வைஃபை வேண்டாமா?" என்று கேட்டார். "இப்ப வேண்டாம்" என்றேன். தீபன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பாக இருந்தால் "எப்பவும் வேண்டாம்" என்றிருப்பேன்.

சாமி அறையில் இப்போது மோடத்தின் மூடி மேல் பொட்டு இருக்கிறது. வயரைக் கழற்றுவதில்லை என்று பாப்பா ஒத்துக்கொண்டிருக்கிறாள். ரவுட்டரின் நான்கு கொம்புகளுக்கும் நான்கு பொட்டு உண்டு, அதை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். துளசி சாமி அறை வாசலை விட்டுவிட்டு முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். மாலையில் மலை மேல் வெயில் இறங்கும்போது அந்த ஜன்னல் வெளிச்சமாக இருக்கும். தேநீரோடு நானும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். கம்பெனிப் பெட்டி கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவேன்.

இப்போது ஆயர் தாவார் பக்கமும் ஈப்போவில் புந்தோங் பக்கமும் ஒரு பேச்சு நடப்பதாக என் காதுக்கு வந்திருக்கிறது. பத்துமலை சொந்த ரவுட்டர் போட்டதால் கம்பெனி லைனை வெட்டிவிட்டதாம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, கோவித்துக்கொண்ட தாய்மாமன் இல்லாமலேயே தட்டு மாற்றிவிட்டார்களாம்.

கம்பெனி லைனை வெட்டவில்லை. ரவுட்டரில் குறையில்லை. தர்மா கோவிக்கவில்லை. வயர் நுனியில் சந்தனம் இருந்தது. துடைத்தோம். அவர் வந்தார். சம்மதம் சொன்னார்.